கடல் தெரியாத தீவு

இலங்கை என்றதும் பேரப்பிள்ளைகள் கடற்கரையையும் தென்னையையும்தான் கேட்கிறார்கள். நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டு வாசலில் நின்றால் கண்ணெட்டும் தூரம்வரை கொழுந்துமலை. அதற்கு மேலே 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பாக சிவனொளிபாதமலை. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி, மே மாதம் புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் வரை மலை ஏறும் சீசன். ராத்திரியெல்லாம் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதையில் விளக்கு எரியும். உச்சியிலுள்ள பாதச்சுவடு நமக்குச் சிவனுடையது, சிங்களவருக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. ஏறுவது எல்லோரும் ஒரே படியில். அவ்வளவு நியாயமான இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மாசி பிறந்தால் காமன் கூத்து. பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். தப்புச் சத்தம் அடுத்த தோட்டம்வரை கேட்கும். வெசாக்குக்குச் சிங்களவர் கட்டும் காகித விளக்குக் கூடுகளைக் காட்ட அப்பா தோளில் தூக்கிப் போவார்.

1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். எழுபதுகளில் எங்கள் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) நகர்ந்தபோது உள்ளேயும் வெளியேயும் ஒப்பாரி. தலைமன்னாரில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை தரவே 1968-ல் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டம், டான்டீ.

பார்வைக்கு அதே பச்சை. மழைதான் வேறு. அங்கே வைகாசியில் பிடித்தால் ஆவணிவரை விடாது. இங்கே தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மலை மறித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. முதல் தை மாதம் உறைபனியில் கொழுந்து கருகிக் கிடந்ததைப் பார்த்து, "யாரு தீ வச்சது?" என்று அம்மா பதறினார். சம்பலுக்கு மாசிக் கருவாடு கிடைக்காதது அவருக்குக் கடைசிவரை குறை. இந்த மலையின் பழங்குடிகளான படுகர்கள் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். அவரைக்காயும் உருளைக்கிழங்கும் கொடுத்தனுப்பியதும் அவர்கள்தான். தங்கள் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவர்கள் வெள்ளை உடுத்திப் போகும்போது அம்மாவும் வாசலில் நின்று கும்பிடுவார்.

இப்போது பிள்ளைகள் இலங்கை போகத் துடிக்கிறார்கள். போங்க கண்ணுகளா, கடற்கரையோடு திரும்பிடாதீங்க. ஹட்டன்ல இறங்கி, மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு பஸ் பிடிங்க. நடுராத்திரி ஏறினா விடியும்போது உச்சியில இருக்கலாம். மலையோட நிழல் முக்கோணமா எதிர்ப்பக்கம் விழும். இறங்கி வரும்போது லயங்கள்ல நம்ம ஆளுங்க இருப்பாங்க. நின்னு பேசிட்டு வாங்க.