‘அயராது’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன்

2024 ஜூன் மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் கிளைச் செயலாளர் அம்மா என் கையில் ஒரு மஞ்சள் உறையைத் திணித்தார். “இந்த வருஷம் பேப்பர் வேலை உன்னுது, பேபி.” எனக்கு 46 வயது. அவருக்கு அறுபதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் பேபிதான்.

உறைக்குள் ஐந்து பெயர்கள், ஐந்து தொலைபேசி எண்கள், 2018-இல் யாரோ தயாரித்த ஒரு மாதிரித் தீர்மானம். அவ்வளவுதான்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். எங்கள் ஊரில் என்.ஏ.ஏ.சி.பி. கிளை ஒன்று இருக்கிறது. பேச்சில் ‘என் டபுள் ஏ சி பி’ என்பார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தொடங்கிய அமைப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஊரிலேயே கறுப்பர்களைத் தாக்கிப் பெரிய கலவரம் நடந்தது. அந்த அதிர்ச்சியில், லிங்கனின் நூறாவது பிறந்தநாளான பிப்ரவரி 12-ஐத் தேர்ந்து அறிக்கை விட்டு ஆரம்பித்தார்கள். பெயரின் கடைசி இரண்டு எழுத்தான சி.பி.யில், கறுப்பர்களைக் குறிக்கும் ‘கலர்ட் பீப்பிள்’ என்ற பழைய சொல் இன்னும் இருக்கிறது. இன்று யாரையும் அப்படி அழைத்தால் அடி விழும், ஆனால் அமைப்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை. எந்த இனத்தவரும் உறுப்பினராகலாம்.

‘உனக்கு அங்கே என்ன வேலை’ என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். 1946-இல் அமெரிக்கா இந்தியர்களுக்கு ஒதுக்கிய குடியேற்ற எண்ணிக்கை ஆண்டுக்கு 100. அந்த ஒதுக்கீட்டு முறையை உடைத்தது 1965 சட்டம். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், அதே காற்றில் குடியேற்றச் சட்டம். தெருவில் அடிவாங்கியது அவர்கள், திறந்த கதவு வழியாக வந்தது நாம். என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். 1946-இலேயே அம்பேத்கர் இந்த அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதிலும் போட்டார். இதை ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது, மஞ்சள் உறையும் வந்து சேர்ந்தது.

சரி, பேப்பர் வேலை. கிளைகள் ஆண்டுதோறும் ‘ஃப்ரீடம் ஃபண்ட் டின்னர்’ என்ற நிதி திரட்டும் விருந்து நடத்துவது வழக்கம். எங்களுடையது அக்டோபரில். அதில் ஊருக்கு உழைத்த சிலருக்குச் சமூக சேவை விருது கொடுப்போம். விருதோடு சேர்த்து மேயரின் பிரகடனம், கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தீர்மானம், மாநிலச் சட்டமன்றத்தின் பாராட்டுத் தீர்மானம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரின் சான்றிதழ் என்று நான்கு இடத்துக் காகிதங்களும் மேடையில் வாசிக்கப்படும். இவை தானாக வராது. யாராவது கேட்க வேண்டும், கேட்பவரே வாசகத்தையும் எழுதித் தர வேண்டும். முதல் நாள் எனக்குத் தெரியாதது இந்த இரண்டாவது பாதிதான். அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் நம் ஊர்ப் பெரியவரைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். உருக வேண்டியது நான்தான்.

முதலில் ஐந்து பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் முடிதிருத்தும் கடைக்காரர். கடையிலேயே வாக்காளர் பதிவுப் படிவங்கள் வைத்திருப்பவர், முடிவெட்ட உட்கார்ந்தால் படிவத்தை நிரப்பாமல் எழுந்திருக்க முடியாது. ஒருவர் தேவாலயத்து உணவு வங்கியைப் பார்த்துக்கொள்பவர். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஒரு பள்ளி மாணவி. ஐந்தாமவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அம்மா. ஓய்வுக்குப் பிறகு டயாலிசிஸுக்குப் போகிறவர்களைத் தன் சொந்த வண்டியில் வாரம் மூன்று நாள் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருபவர்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் ஐந்து பேரும் ஊமையாகிவிட்டார்கள். “நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லையே” என்று ஒரே வாக்கியம். மாணவி மட்டும் இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பை ஐந்து நிமிடத்தில் அனுப்பினாள். அவளுக்குக் கல்லூரி விண்ணப்ப வருஷம். அப்புறம் வழியை மாற்றினேன். எந்த வருஷம் ஆரம்பித்தீர்கள், எந்த நாள் போவீர்கள், வண்டி என்ன வண்டி, கூட யார் வருவார்கள். இப்படிக் கேட்டால் எல்லாரும் பேசுகிறார்கள், நிறுத்த முடியவில்லை.

பிறகு வாசகம். இந்தத் தீர்மானங்களுக்கென்று ஒரு நடை உண்டு. ஒவ்வொரு பத்தியும் ‘வேர்ஆஸ்’ என்று தொடங்கும். இன்னார் இன்ன செய்தார் என்பதாலும், இன்ன செய்தார் என்பதாலும் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ‘ஆகவே இந்த அவை தீர்மானிப்பதாவது’ என்று முடியும். நம் ஊர்ப் பத்திரப்பதிவு பாஷை மாதிரி, மூச்சுவிட இடம் கிடையாது.

முதல் வரைவை எழுதிவிட்டுப் பார்த்தால், அப்படியே கும்பகோணத்து வாழ்த்து மடல். என் தாத்தா பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றபோது கொடுத்த மடல் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். ‘கல்விக் கடலே, கனிவின் மலையே’ என்று பன்னிரண்டு விளி. அவர் எந்தப் பள்ளியில் எத்தனை வருஷம் கணக்கு நடத்தினார் என்பது அதில் எங்கும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு இன்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. நான் எழுதியதும் அதே சரக்கு. அயராது உழைத்தார், தன்னலமற்ற சேவை, கலங்கரை விளக்கம்.

பேருந்து ஓட்டுநர் அம்மாவிடம் வரைவைப் படித்துக் காட்டினேன். ‘அயராது’ வந்ததும் கையை உயர்த்தினார். “நான் அயர்ந்தேன். முழங்கால் ஆபரேஷன் பண்ணின வருஷம் மூன்று மாதம் போகவேயில்லை. என் மருமகள்தான் ஓட்டினாள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து. அதை எழுது.” எழுதினேன். எல்லா வரைவுகளிலும் அந்தச் சொல்லைத் தேடித் தேடி எடுத்தேன். மொத்தம் ஒன்பது இடம்.

கிளையைப் பற்றிய பத்தியில் வேறு சிக்கல். கிளை எப்போது தொடங்கியது? தலைவர் ஒரு வருஷம் சொன்னார், செயலாளர் அம்மா வேறு வருஷம் சொன்னார். அனுமதிப் பத்திரம் தேவாலயத்து நிலவறையில் இருந்ததாம், ஒரு வெள்ளத்தில் போய்விட்டதாம். அமைப்பின் பழைய ஆவணங்கள் வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன, ஆனால் அங்கே போய்த் தோண்ட நேரமில்லை. ‘மூன்று தலைமுறைகளாக’ என்று எழுதி இருவரையும் சமாதானப்படுத்தினேன். எனக்குத் திருப்தி இல்லை.

ஆகஸ்டில் அனுப்ப ஆரம்பித்தேன். மேயர் அலுவலகம் எளிது, இணையத்தில் ஒரு படிவம். கவுண்டிக்கு அனுப்பியதில் மானம் போயிற்று. 2018 மாதிரியை அப்படியே நகலெடுத்ததால் கவுண்டி உறுப்பினர்களை ‘ஃப்ரீஹோல்டர்’ என்று குறிப்பிட்டிருந்தேன். காலனிக் காலத்துச் சொல் அது, கடனில்லாத சொந்த நிலம் வைத்திருப்பவர் என்று பொருள். அதாவது அன்றைக்குப் பதவிக்கு வரத் தகுதியுள்ள வெள்ளைக்கார ஆண். அமெரிக்காவிலேயே நியூ ஜெர்சி மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டம் போட்டு, 2021 ஜனவரி 1 முதல் ‘கமிஷனர்’ என்று மாற்றினார்கள். உரிமை அமைப்பைப் பாராட்டும் காகிதத்தில் அந்தச் சொல்லைத் திரும்பவும் நுழைத்தது நான். கவுண்டி ஊழியர் மிக நாகரிகமாக “இதை மட்டும் மாற்றிவிடுகிறேன்” என்று எழுதியிருந்தார்.

சட்டமன்றத் தீர்மானத்துக்கு முகவரி வேண்டும். நியூ ஜெர்சியில் 40 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள். தங்கள் தொகுதியில் குடியிருப்பவருக்குத்தான் கையெழுத்திடுவார்கள். எல்லைகளை மாற்றி வரைந்து, 2023 தேர்தலிலிருந்து புது வரைபடம். எங்கள் ஓய்வுபெற்ற நர்ஸ் அதே வீட்டில்தான் இருக்கிறார், தொகுதி மட்டும் அவரைவிட்டு நகர்ந்துவிட்டது. பழைய அலுவலகத்துக்கு அனுப்பிய மனு இரண்டு வாரம் கிடந்து, ‘இவர் எங்கள் வாக்காளர் இல்லை’ என்று திரும்பியது. இந்த வேலையில் இறங்கும் யாரும் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்: ஒவ்வொரு முகவரியையும் தொகுதி தேடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள்.

காங்கிரஸ் அலுவலகத்தில் பேசியவர் இளைஞர், பொறுமைசாலி. எங்கள் தலைவருக்கு ஓர் ஆசை, அக்டோபரில் ஒரு நாளைக் கிளையின் நாளாகப் பிரதிநிதிகள் சபை அறிவிக்க வேண்டும் என்று. அது முடியாது என்றார். இப்படிப்பட்ட நினைவு நாள் தீர்மானங்களை 1995 முதல் சபை விதியே தடுக்கிறது. அதற்குப் பதில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ் ஆஃப் ரிமார்க்ஸ்’ என்ற பகுதியில் உறுப்பினரின் உரையாகச் சேர்க்கலாம், அது காங்கிரஸின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டில் அச்சாகும் என்றார். “ஆனால் செப்டம்பருக்குள் கொடுங்கள். அக்டோபரில் சபை கூடாது, நவம்பரில் தேர்தல்.”

கொடுத்தோம். ‘மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, இன்று நான் எழுந்து நின்று’ என்று உரை தொடங்கியது. உறுப்பினர் எப்போது எழுந்து நிற்கப்போகிறார் என்று இரண்டு சாயங்காலம் சபை நேரலையைப் போட்டுவைத்துக் காத்திருந்தேன். சப்பாத்தி தீய்ந்ததுதான் மிச்சம். பிறகுதான் தெரிந்தது, யாரும் எழுந்து நிற்பதில்லை. எழுத்தாகக் கொடுப்பார்கள், அச்சாகும். அன்றைய இதழின் பின்பகுதியில், பக்க எண்ணுக்கு முன்னால் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தோடு வரும். சில நாள் கழித்து இணையத்தில் தேடினேன். இருந்தது. ஐந்து பெயர்களும்.

அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காங்கிரஷனல் ரெக்கார்டு 1873 முதல் வருகிறது. அடித்துக் கொல்லும் கும்பல்களுக்கு எதிராக இந்த அமைப்பு பாடுபட்டுக் கொண்டுவந்த மசோதா 1922 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் பேசிப் பேசியே கொல்லப்பட்டதும் அதே ரெக்கார்டில்தான் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். நூறு வருஷம். 1919-இல் அமைப்பே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1889 முதல் 1918 வரை கும்பல்கள் கொன்ற 3,224 பேரின் பட்டியல், மாநிலவாரியாக, தேதி, இடம், பெயர். இணையத்தில் அதன் சில பக்கங்களைப் புரட்டியிருக்கிறேன். பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியாத கறுப்பர்’ என்று நிறைய வரிகள். செயலாளர் அம்மா எழுத்துப்பிழைக்கு ஏன் அவ்வளவு கோபப்படுகிறார் என்று எனக்கு அதற்கு முன் புரிந்ததில்லை.

கோபத்துக்கு வாய்ப்பும் வந்தது. விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் ஓர் அலுவலகத்திலிருந்து பிரகடனங்கள் வந்தன. தங்க முத்திரை, நல்ல கனமான தாள். அமைப்பின் பெயரிலேயே பிழை. முடிதிருத்துபவரின் குடும்பப் பெயரில் ஒரு எழுத்து காணோம். நான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். அமைப்பின் பெயர் அவர்கள் பிழை, குடும்பப் பெயர் என் பிழை. மஞ்சள் உறையில் இருந்ததை நம்பிவிட்டேன், அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்கவில்லை. செயலாளர் அம்மா இரண்டையும் ஒரே குரலில் திட்டினார், அலுவலகத்தைத் தொலைபேசியில், என்னை நேரில். மறுநாள் மதியம் புதுத் தாள்கள் கிடைத்தன. மேயருக்கு அன்று ஊரில் இருக்க நேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

விருந்து நன்றாக நடந்தது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோழி, பீன்ஸ், நீண்ட பேச்சுகள். பொன்னாடை இல்லாத குறை எனக்கு மட்டும் தெரிந்தது. பேருந்து ஓட்டுநர் அம்மாவின் தீர்மானத்தில் மருமகள் வரியை வாசித்தபோது, பின் வரிசையில் சீருடையோடு வந்திருந்த ஒரு பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

மண்டபத்தைப் பெருக்கும்போது மேசைக்கு அடியில் ஓர் உறை கிடந்தது. முடிதிருத்துபவர் மறந்துவிட்டுப் போனது. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முதலில் தன் பெயரைத்தான் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது. சட்டம் வாங்கும்வரை இருக்கட்டும் என்று அதில் ஒரு கிளிப்பைப் போட்டு மாட்டிவிட்டு, நாற்காலியில் இருந்த பையனிடம் திரும்பினார். “பதினெட்டு ஆயிடுச்சா உனக்கு?”