கியரை எப்போது மாற்றுவது? ஸ்கூட்டரிலிருந்து ஸ்ப்ளெண்டருக்கு வந்த அனுபவம்

பல வருடமாக ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வண்டி எடுப்பதை நிறுத்தியதும் அவருடைய ஸ்ப்ளெண்டர் என்னிடம் வந்தது. கியரை எப்போது மாற்றணும் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள்: 15 வரை ஃபர்ஸ்ட், 30 வரை செகண்ட், 40 வரை தேர்டு, அதற்கு மேல் டாப், அதாவது நாலாவது கியர். இந்தக் கணக்கு தப்பில்லை, ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே. ஆனால் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் முன்னால் டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ என்று போகும்போது குனிந்து மீட்டரைப் பார்க்க முடியாது. கண் ரோட்டில் இருக்க, கியர் தானாக மாற வேண்டும். அதை எப்படிப் பழகினேன் என்று சொல்கிறேன், ஸ்கூட்டரிலிருந்து மாறும் யாருக்காவது உதவும்.

முதலில் லைசென்ஸ். என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கானது, அதனால் கியர் வண்டியைச் சேர்க்கத் தனியாக எல்எல்ஆர் போட்டேன். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் எட்டுப் போடப் போகலாம். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டிக்கொண்டு, பிளாட் போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டில் ஆரம்பித்தோம். சொல்லிக்கொடுத்தது என் அண்ணன்.

அண்ணன் மீட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, செகண்டிலேயே ஓட்டு, மாற்றாதே என்றார். சமதளத்தில் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது, ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும் பாதம் விறுவிறுவென்று அதிர்ந்தது, வேகம் மட்டும் அதற்கேற்பக் கூடவே இல்லை. அப்புறம் நேரெதிராக, டாப் கியரில் போகும்போது வேகத்தை நடுத்தர சைக்கிள் வேகத்துக்குக் குறைத்து, அங்கேயே ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். ஹேண்டில்பார் உலுக்கியது, செயின் கடகடவென்று அடித்தது, வண்டி முன்னால் போகாமல் திணறியது. பின்னால் உட்கார்ந்துகொண்டு அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "இப்ப இழுக்குதாம்மா, சும்மா கத்துதா, இல்ல திணறுதா?" கத்தினால் ஒரு கியர் ஏற்றணும், திணறினால் ஒரு கியர் இறக்கணும், இழுத்தால் அப்படியே விட்டுவிடணும். இந்த மூன்று நிலையையும் உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால் 15, 30, 40 எல்லாம் தேவைப்படாது.

ஏன் இப்படி என்றால், அது 97.2 சிசி இன்ஜின், அதன் சக்தி மொத்தமே சுமார் 8 குதிரைத்திறன்தான், அதுவும் நிமிடத்துக்கு 8000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் முழுசாகக் கிடைக்கும். சின்ன கியரில் இன்ஜின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், அதனால் இழுவை அதிகம், வேகம் குறைவு. டாப்பில் அத்தனை சுற்று தேவையில்லை, அதனால் இழுவை குறைவு, வேகம் அதிகம். ஆகவே ஒரே வேகத்துக்கு எப்போதும் ஒரே கியர் என்று சொல்லவே முடியாது. தனியாகச் சமதளத்தில் 35-ல் டாப் கியர் சுகமாகப் போகும். அதே 35-ல் அண்ணனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஐந்து ரோடு மேம்பாலம் ஏறினால் தேர்டு வேணும், அதையும் பாலத்தின் அடியிலேயே, வேகம் விழுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் கியர் மாற்றக் கிளட்ச் (இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் இடது கை லீவர்) பிடித்தால் அந்த ஒரு நொடியிலேயே இருக்கிற வேகமும் போய்விடும்.

கியர் ஏற்றுவதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், இறக்குவதை யாரும் விளக்குவதில்லை. எனக்கு இது பெரிய குறை. கியர் வண்டியில் பாதி வித்தையே இறக்குவதில்தான் இருக்கிறது. சிக்னல் சிவப்பாகத் தெரிகிறது என்றால் முதலில் ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைக்கணும். அப்புறம் கிளட்ச், குதிகாலால் ஒரு அமுக்கு, தேர்டு. கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி அந்த கியரில் அமர்ந்ததும் அடுத்தது. டாப்பிலிருந்து நேராக மூன்று முறை அமுக்கிவிட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொண்டு வழுக்கும், மழை ஈரத்தில் அது ஆபத்து. முழுக்க நின்ற பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டாலும் சிக்கல்தான், நிற்கும் வண்டியில் கியர் பற்கள் சரியாகப் பொருந்தாமல் பெடல் கல் மாதிரி நிற்கும். அப்போது கிளட்ச் பிடித்தபடி வண்டியைக் காலால் ஒரு சாண் முன்னும் பின்னும் தள்ளினால் விழும். நியூட்ரல் (எந்த கியரிலும் இல்லாத நிலை) கிடைக்காவிட்டாலும் இதே வழிதான்.

லைசென்ஸ் கைக்கு வந்து, கையும் காலும் ஒன்றாக வேலை செய்ய ஆரம்பித்த பிறகு ஏற்காடு போனோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் போய்க் கியர் தேடவே கூடாது. வளைவு தெரியும்போதே செகண்டுக்கு வந்து, கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, மெல்லிய ஆக்சிலேட்டரோடு திரும்பணும். இறக்கத்தில் நிறையப் பேர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டியைப் பிடித்து நிறுத்த வெறும் பிரேக் மட்டும்தான் மிஞ்சும், டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினோம், ஆக்சிலேட்டரை விட்டாலே இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது, பிரேக் தொட வேண்டியிருந்தது வளைவுக்கு முன்னால் மட்டும்தான்.

இன்னொன்று. ஸ்ப்ளெண்டரில் முன்னால் மிதித்தால் எல்லா கியரும் ஏறும், குதிகாலால் அமுக்கினால் இறங்கும். பல்சர் 150 போன்ற ஐந்து கியர் வண்டியில் ஃபர்ஸ்ட் மட்டும் கீழே, மற்றதெல்லாம் விரலால் மேலே தூக்கணும். அதாவது முன்னால் மிதித்தால் இங்கே ஏறுவது அங்கே இறங்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுபவர்கள் நேராக ரோட்டுக்குப் போக வேண்டாம். இன்ஜினை அணைத்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டே கிளட்ச் பிடித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள்.