அப்பாவின் கையெழுத்து

அக். 15, 2024, செவ்வாய்

தபால் வாக்குச்சீட்டு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. காற்றில் பறந்துவிடாமல் மேலே உப்பு ஜாடியை வைத்திருக்கிறேன்.

அக். 17, வியாழன்

உறையின் மேல் போடும் கையெழுத்து, தேர்தல் அலுவலகத்தில் இருக்கும் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு நாளாக இதுதான் மனதை அரிக்கிறது. அப்பாவின் வலது கை பேனாவைப் பிடிக்கிறது, ஆனால் எழுத்து கீழே சரிந்துகொண்டே போகிறது. பழைய காசோலைகளை எடுத்து ஒப்பிட்டேன். முதல் எழுத்தின் சுழி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மளிகை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிப் பழகச் சொன்னேன். ஏழு முறை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்.

"டெஸ்டருக்கு இடது கையில் மூன்று விரல் கிடையாது. ஒன்பது வயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் போயிற்று. அவர் டிராக்டர் ஓட்டவில்லையா?" என்றார். எங்கள் மான்டனா செனட்டர் ஜான் டெஸ்டரைச் சொல்கிறார். விவசாயி, இந்தத் தேர்தலில் மறுபடி நிற்கிறார்.

பிறகு அவராகவே பேனாவை எடுத்தார்.

அக். 19, சனி

கோதுமை விலையைக் கேட்பதற்குள் ஆறு தேர்தல் விளம்பரங்கள். பதினொரு லட்சம் பேர் வாழும் மான்டனாவில், ஒரே ஒரு செனட் இடத்துக்காக 25 கோடி டாலருக்கு மேல் கொட்டுகிறார்கள். அப்பாவை நரம்பு மருத்துவரிடம் காட்ட நான் கிரேட் ஃபால்ஸ் வரை 80 மைல் ஓட்ட வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

அக். 22, செவ்வாய்

பில்லிங்ஸிலிருந்து அண்ணன் பேசினான். அவன் ஓட்டு, டெஸ்டரை எதிர்த்து நிற்கும் டிம் ஷீஹிக்கு. "அந்த ஆள் இங்கே வந்ததே 2014இல்தான்" என்றேன். "கடற்படையில் சண்டை போட்டவர், காட்டுத்தீயை அணைக்க விமானம் விட்டவர். செனட்டில் பதினெட்டு வருடம் டெஸ்டருக்குப் போதாதா?" என்றான். அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி மருந்துக்கும் அப்பாவின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது 2022இல்தான். செனட்டின் முன்னாள் படைவீரர் குழுவின் தலைவராக இருந்து அந்தச் சட்டத்தைக் கரை சேர்த்தவர் டெஸ்டர். அதை அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. போனை வைத்துவிட்டேன்.

அக். 24, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டார். தபாலை நம்ப மனம் வரவில்லை. தேர்தல் அலுவலகம் இருக்கும் ஃபோர்ட் பென்டன் வரை ஓட்டிப் போய் இரண்டு உறைகளையும் நேரில் கொடுத்தேன். வாங்கிய பெண் அப்பாவின் உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மிசோரி ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜனாதிபதிக்கு அப்பா எந்த வட்டத்தை நிரப்பினார் என்று நான் பார்க்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டார்.

அக். 26, சனி

வாக்குச்சீட்டு ஏற்கப்பட்டதா என்று காட்டும் இணையப் பக்கத்தில் இன்று மூன்று முறை பார்த்தேன். அப்பாவின் பெயருக்கு எதிரே இன்னும் ஒன்றும் இல்லை.

அக். 29, செவ்வாய்

ஏற்கப்பட்டது! ஏற்கப்பட்டது!

நவ. 2, சனி

கருத்துக்கணிப்புகளில் ஷீஹிதான் முன்னிலை. அப்பா 2006ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்று செனட்டராக இருந்த கான்ராட் பர்ன்ஸை டெஸ்டர் வென்றது சுமார் 3,500 ஓட்டில். அந்த இரவு முழுக்க இதே நாற்காலியில் விழித்திருந்தாராம். "நம் ஊர் மட்டுமே அதில் எத்தனை ஓட்டு தெரியுமா?" என்று இன்று நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டினேன்.

நவ. 5, செவ்வாய், இரவு 11

அப்பா இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. மாத்திரையைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

நவ. 6, புதன்

காலையில் அறிவித்துவிட்டார்கள். ஷீஹி.

மாநில அளவிலான பதவியில் எங்கள் ஜனநாயகக் கட்சிக்கு இருந்த ஒரே ஆள் டெஸ்டர். 3,500க்குள் நிற்கும் வித்தியாசமே இல்லை. அப்பாவிடம் எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டார்.

"என் ஓட்டை எண்ணினார்களா?"

இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, அந்த ஒரு சொல்லை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

நவ. 7, வியாழன்

அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

நவ. 8, வெள்ளி

இரத்த அழுத்தம் 172/98. நாளைக்கே கிரேட் ஃபால்ஸுக்குக் கூட்டிப்போகிறேன். மளிகை ரசீதை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போடும் முன் எடுத்துவைக்க வேண்டும்.