ஆளில்லா ஆலையின் டிசம்பர் ஷிஃப்ட்

சிங்கப்பூரின் குளிர்காலம் என்றால் வடகிழக்குப் பருவமழையின் முதல் பாதி, டிசம்பரும் ஜனவரியும். பகலில் 24 டிகிரிக்கு இறங்கிவிட்டால் எம்ஆர்டி ரயிலில் ஸ்வெட்டர்கள் தென்படும். தீவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 19 டிகிரிதான். ஆகவே பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலைக்குள் இந்த மாதங்களில் ஆய்வுக்குப் போகிறவர்கள் கம்பளி எதையும் தேட வேண்டாம். பம்பு தேடினால் போதும்.

ஜூரோங், துவாஸ் பக்கத்துத் தொழில் நிலம் பெரும்பாலும் அரசின் தொழில் நில அமைப்பான ஜேடிசியின் குத்தகை நிலம். குத்தகை முடிந்தால் பல இடங்களில் கட்டடம், டேங்கு, பைப் எல்லாவற்றையும் அகற்றி நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். மண்ணும் நிலத்தடி நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்ற சோதனை அறிக்கையும் கேட்பார்கள். இடிப்பவர்கள் வருமுன் யாராவது உள்ளே போய் எதில் என்ன மிச்சமிருக்கிறது, எந்தத் தளம் ஆள் தாங்கும் என்று பார்த்து எழுத வேண்டும். ஆண்டு இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டிய இடமென்றால் அந்த ஆய்வு ஆகஸ்டில் நடந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பட்ஜெட் கேட்டு மின்னஞ்சல் போயிருக்கும். பதில் நவம்பர் கடைசியில் வரும்.

கேட்டில் சாவி தரும் காவலர் தவறாமல் சொல்வது: "உள்ள ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் காலி டேங்குதான்." அவர் பொய் சொல்லவில்லை, அவரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஆலை மூடிய அன்று வேலையை விட்டுப் போனவர்கள் மனிதர்கள் மட்டும். துருவும் தண்ணீரும் வாயுவும் கொசுவும் அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, ஓவர்டைமும் கேட்கவில்லை. பருவமழையில் இந்த ஷிஃப்டுக்கு வேலை கூடும்.

முதலில் டேங்குகளைச் சுற்றியுள்ள பண்ட் சுவரைப் பாருங்கள். கசிந்தால் வெளியே போகாமல் பிடித்துவைக்கக் கட்டிய சுவர் அது. மழையையும் அதே விசுவாசத்தோடு பிடித்துவைக்கும். 10 மீட்டர் விட்டம், 8 மீட்டர் உயரம் உள்ள ஒரு வெறும் இரும்பு டேங்கு ஏறக்குறைய 20 டன் இருக்கும். அடிப்பரப்பு 78.5 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால், சுற்றிலும் 25 செ.மீ. தண்ணீர் நின்று அடித்தகட்டுக்குக் கீழேயும் புகுந்தால் 20 டன் இரும்பு மிதக்கத் தயார். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டு நாளில் மட்டும் சாங்கியில் 255.2 மி.மீ. மழை பெய்தது. டேங்கின் கூரையில் விழும் மழையும் பண்டுக்குள்தான் வழியும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 20-க்கு 20 மீட்டர் பண்டில் அதே மழை ஏறக்குறைய 32 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அடியில் போல்ட் போட்டு இறுக்காத டேங்கு மெல்ல எழும், ஒரு பக்கம் சாயும், மாட்டியிருக்கும் பைப்பை நாஸலோடு, அதாவது பைப் சேரும் வாயோடு, பிய்த்துக்கொள்ளும். பைப்பில் ஏதாவது மிச்சமிருந்தால் அது வெளியே வரும். 'காலி' என்று எழுதிய டேங்குதான் முதலில் மிதக்கும். நிரம்பிய டேங்கு அசையாது.

தண்ணீரை வெளியேற்ற பண்ட் சுவருக்கு வெளியே ஒரு வால்வு இருக்கும், மூடியபடி. வழக்கமாகத் துருப்பிடித்து, உள்வாயில் இலை அடைத்திருக்கும். ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் சொருகி அதைத் திருப்பும் ஆசை யாருக்கும் வரும். வால்வின் தண்டான ஸ்பிண்டில் முறிந்தால் வால்வு திறக்கவும் திறக்காது, மூடவும் மூடாது. சுவருக்கு மேலாக ஹோஸ் போட்டுச் சின்ன பம்பால் இறைப்பதே மேல். இறைக்கும் முன் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது மழைநீர் இல்லை, கழிவு. லாரி வைத்து எடுத்துப்போக வேண்டும். சேறு கலங்கிய நீரை மழைநீர்க் கால்வாயில் விடுவதற்கும் வரம்பு உண்டு: நீரில் கலந்து நிற்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கண்ணுக்குத் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் மீட்டர் போட்டுப் பார்க்கும் சிரமம்கூட வேண்டாம்.

அடுத்து டேங்கின் உச்சியில் உள்ள வென்ட், காற்று போய்வரும் வாய். வலை துருவால் அடைந்திருக்கும், குளவி மண்கூடு கட்டியிருக்கும், மைனா குடும்பம் நடத்தும். வெயிலில் காய்ந்த டேங்கின் மேல் திடீரென்று மழை கொட்டினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். 500 கன மீட்டர் காற்று 50 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கினால், 30 கன மீட்டருக்கு மேல் வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். வர வழியில்லை என்றால் தகடு உள்ளே வரும். இவ்வகை டேங்குகள் தாங்கும் உறிஞ்சழுத்தம் ஏறக்குறைய 25 மி.மீ. தண்ணீர் உயரம்தான். உறிஞ்சுகுழலில் ஒரு குழந்தை இழுப்பது அதைவிட அதிகம். மிச்சத்தை இறைக்கும் வேலை இருந்தாலும் இதே கணக்குதான்: மேல் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு பம்பைப் போடுங்கள். வரிசை மாறினால் டேங்கு நசுங்கிய பொட்டலமாகும். அதில் யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், விளக்கம் எழுதுவது நெடுநாள் நடக்கும்.

கந்தக அமில டேங்கு தனி ரகம். 98 சதவீத அமிலத்தைச் சாதாரண இரும்பு டேங்கிலேயே வைக்கலாம். உள்சுவரில் இரும்பு சல்ஃபேட் படலம் படிந்து அதுவே காப்பாகும். அடியில் தங்கிய மிச்சத்தில் மழைநீரோ ஈரக்காற்றோ சேர்ந்தால் அமிலம் நீர்த்துப்போகும். நீர்த்த அமிலம் இரும்பைத் தின்று ஹைட்ரஜனை விடும். அந்த வாயு கூரைக்கடியில் காத்திருக்கும். கிரைண்டர், கட்டிங் டார்ச் என்று நெருப்புப்பொறி எதுவும் அந்த டேங்கு பக்கம் போகக்கூடாது. சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழக்கமும் அங்கே வேண்டாம்.

டேங்குக்குள் இறங்க வேண்டியிருந்தால் பெர்மிட் எனும் வேலை அனுமதிச் சீட்டு, வெளியே நிற்கும் அட்டெண்டெண்ட், மீட்பு ஏற்பாடு என்று ஆவணம் எல்லாம் தெரிந்ததே. தெரிந்தும் தவறுவது வாயு பார்க்கும் வரிசை. முதலில் ஆக்சிஜன்: 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். பிறகு எரிவாயு: வாயு வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தியில், அதாவது கீழ் வெடிப்பு வரம்பில், 10 சதவீதத்துக்குக் கீழ். அப்புறம் நச்சு: ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), கார்பன் மோனாக்சைடு 25 பிபிஎம் தாண்டக்கூடாது. ஆக்சிஜனை முதலில் பார்க்கக் காரணம் இருக்கிறது. பல வாயு மீட்டர்களின் எரிவாயு சென்சார் உள்ளே வாயுவை எரித்தே அளக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அதனால் எரிக்க முடியாது, மரியாதையாகக் குறைந்த எண் காட்டும். அடைத்து வைத்த ஈரமான இரும்பு டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். ரசாயனம் எதுவும் தேவையில்லை, தண்ணீர் டேங்கிலும் இது நடக்கும்.

மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஹோஸ் நீளமாக இருந்தால் காற்று வந்துசேர நேரமாகும், விட்டவுடன் படிக்காதீர்கள். ஆளிறங்கும் முன் அடியில் பூஜ்யம் காட்டிய மீட்டர், பூட்ஸ் சேற்றை மிதித்ததும் எகிறும், ஏனென்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேற்றுக்குள் அடங்கியிருக்கிறது. மீட்டரைச் சட்டையிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள். அழுகிய முட்டை நாற்றத்தை நம்ப வேண்டாம். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வீர்கள்.

நடைபாதையில் பதித்த இரும்புச் சட்டப் பலகையான கிரேட்டிங்கை மேலே பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பச்சைப் பாசியும் இலையும் மேலே, கரைந்த விளிம்பு கீழே. எடையைத் தாங்குவது ஒரு திசையில் ஓடும் தட்டைப் பட்டைகள்தான், குறுக்கே ஓடும் கம்பி அவற்றைச் சேர்த்துப் பிடிக்க மட்டுமே. எப்போதோ எதையோ கழற்றியவர்கள் பலகையைத் திருப்பி வைத்திருந்தால் பட்டைகள் எந்த பீமிலும் உட்காராது. பார்க்க ஒழுங்காகவே இருக்கும், ஆள் ஏறும்வரை. டார்ச்சைக் கீழிருந்து அடித்து, பட்டை பீமைத் தொடுகிறதா, கிளிப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பீம் ஓடும் கோட்டிலேயே நடங்கள்.

தகட்டின் தடிப்பை, ஒலி அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜில் எடுப்பவர்கள் இரண்டு பொய்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெயின்ட்டில் ஒலி இரும்பைவிட மெதுவாகப் போகும். ஆகவே 1 மி.மீ. பெயின்ட் 2 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்பாகக் கணக்கில் ஏறும். சுரண்டிவிட்டு வையுங்கள், அல்லது பெயின்ட்டைத் தள்ளிப் படிக்கும் முறைக்கு மாற்றுங்கள். இரண்டாவது இன்னும் மோசம்: தகட்டில் வைக்கும் முனையான புரோபின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன தகட்டை சில கேஜ்கள் இரட்டிப்பாகக் காட்டும். 1 மி.மீ. மிச்சமுள்ள இடத்தில் 2 வரும். பக்கத்துப் புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்து ஒரு புள்ளி மட்டும் திடீரென்று நலமாக இருந்தால், அங்கேதான் ஓட்டை வரப்போகிறது. இன்சுலேஷன் போர்த்திய பைப்பில் வெளியே அலுமினிய உறை பளபளக்கும், உள்ளே பஞ்சு மாதக்கணக்கில் நனைந்தே இருக்கும். அடியில் சின்னத் துளையிட்டால் தண்ணீர் கொட்டும். ஆனால் அந்தத் துளையைப் போடுமுன் பஞ்சு என்ன பஞ்சு என்று தெரிந்திருக்க வேண்டும்.

1991 ஜனவரி 1-க்கு முன் கட்டிய கட்டடமென்றால், இடிக்குமுன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்வது சட்டப்படி கட்டாயம். பாய்லர் கயிறு, ஃப்ளாஞ்ச் கேஸ்கெட், பைப் உறை, அலைத்தகட்டுக் கூரை என்று எங்கும் இருக்கலாம். மழைக்காலம் செய்யும் ஒரே உபகாரம் இங்கேதான்: நனைந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி பறக்காது. மாதிரி எடுப்பவர்கள் எப்படியும் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள், ஒரு நாணய அளவு, இரண்டு பைக்குள், எடுத்த இடத்தை ஒட்டி மூடி. உபகாரத்துக்குப் பதிலாக மழை அதே கூரையை வழுக்கலாக்கி வைக்கிறது. நொறுங்கும் கூரைமேல் காலே வைக்காதீர்கள், பூம் லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும்.

மின்சாரம் துண்டித்துவிட்டார்கள் என்பார்கள். கூரையில் சோலார் பலகை இருந்தால் அதற்கு இந்தத் தகவல் போயிருக்காது. டெஸ்டரை உயிருள்ள சப்ளையில் சோதித்து, கம்பியில் வைத்து, மறுபடி சப்ளையில் சோதியுங்கள்.

ஆலை மூடினாலும் ஒரு உற்பத்திப் பிரிவு முழுத் திறனில் ஓடும். முட்டையிலிருந்து பறக்கும் ஏடிஸ் கொசுவரை ஏறக்குறைய ஒரு வாரம். இயந்திரம் பழுதே ஆகாது. பண்டு மட்டும் அல்ல, பம்ப் பேஸ்பிளேட்டின் மூலை, வால்வுக் குழி, கேபிள் பள்ளம், கழற்றிப் போட்ட ஹெல்மெட், கவிழ்க்காத ஃப்ளாஞ்ச் மூடி எல்லாம் அதன் கிளைகள். பேஸ்பிளேட்டுக்கு ஒரு வடிகால் பிளக் உண்டு, அதைக் கழற்றினாலே பாதி வேலை முடிந்தது. வடியாத இடத்தில் புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்து. தேசியச் சுற்றுப்புற அமைப்பான என்இஏவின் அதிகாரிக்கு ஆலை மூடியதும் திறந்ததும் ஒன்றுதான், புழு இருந்தால் அபராதம்.

வடிகாலில் மலைப்பாம்பு இருக்கலாம். கறுப்பு நாகமும் உண்டு, அது கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும், ஆகவே கண்ணாடி போட்டுக்கொண்டு குனியுங்கள். பாம்புக்கு வழி விட்டுவிட்டு தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸை அழைத்தால் போதும், பெர்மிட்டில் அதற்கென்று கட்டம் கிடையாது.

மின்னல் எச்சரிக்கை அடித்தால் உயரத்தில் இருப்பவர்கள் இறங்க வேண்டும், டேங்குக்குள் இருப்பவர்கள் ஏற வேண்டும், பெர்மிட் நிறுத்தப்படும். மறுபடி தொடங்கும்போது வாயுவை மறுபடி பார்க்காமல் இறங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு மணி நேரம் மழைக்கு ஒதுங்கி நின்ற குழுவுக்கு, டேங்கும் ஒரு மணி நேரம் சும்மாதான் இருந்தது என்று தோன்றிவிடுகிறது.

நிலத்தடி நீரைச் சோதிக்கும் கண்காணிப்புக் குழாயில் மூடி உடைந்திருந்தால், நீங்கள் எடுப்பது மழைநீரின் மாதிரி. மூடியைச் சரிசெய்து, குழாயில் நிற்கும் நீரைப்போல மூன்று மடங்கை இறைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் மிதக்கிறதா என்பதை மட்டும் இறைக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

அறிக்கையில் இரண்டு பட்டியல் வேண்டும்: திறந்து பார்த்தவை, திறக்காதவை. இடிப்பு ஒப்பந்தக்காரர் இரண்டாவதைத்தான் படிப்பார், விலையும் அதை வைத்துத்தான் போடுவார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் இருக்கட்டும்: ஏணி துரு, வால்வு இறுக்கம், மின்னல், பாம்பு. கடைசிக் காரணத்தை வேலைக்குக் கள்ளம் என்று நினைப்பார்கள். படம் இணைத்துவிடுங்கள்.