ஒவ்வொரு படியிலும் என்னைக் கேட்டார்கள்

எனக்கு நடந்த பாலியல் வன்முறையை விவரிக்கப் போவதில்லை. செய்தது வீட்டுக்கு வந்து போகிற, நன்றாகத் தெரிந்த ஆள் என்பது போதும். அதன்பிறகு உதவி தேடிப் போனதைத்தான் எழுதுகிறேன். இப்போது அந்த நிலையில் இருக்கிற யாருக்காவது பயன்பட வேண்டும்.

முதலில் அக்காவைக் கூப்பிட்டேன். வந்தவள் எதையும் துருவிக் கேட்கவில்லை. "நீ சொல்றத நம்புறேன். இப்ப உனக்கு என்ன வேணும்?" என்றாள். குளிக்கணும் என்றேன். "டாக்டர்கிட்ட போறதா இருந்தா போயிட்டு வந்து குளிக்கலாம். வேணாம்னா இப்பவே குளி. நீ சொல்றதுதான்" என்றாள். போகலாம் என்றேன். உடுத்தியிருந்த துணிகளைக் காகிதப் பையில் எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டவர்களும் தயங்காமல் போகலாம், சிகிச்சைக்கு அது தடையே இல்லை.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்டார். நடுவில் தாங்க முடியாமல் கையைத் தூக்கினேன். உடனே நிறுத்தி, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தார். நான் தலையசைத்த பிறகுதான் எழுந்தார். அன்றைக்கு என் உடம்பு மறுபடி என்னுடையதாகத் தோன்றியது அந்தச் சில நிமிடங்களில்தான்.

நேரம் முக்கியமான விஷயங்கள் இவை. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரம் வரை பலன் தரும். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கவுன்சலிங்தான் சிரமப்படுத்தியது. முதலில் பார்த்தவர் "ஏன் சத்தம் போடலை?" என்று கேட்டார். அவரிடம் திரும்பப் போகவில்லை. அடுத்தவரைப் போனிலேயே விசாரித்தேன்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்ல வேண்டி வரும்? பொறுமையாகப் பதில் சொன்னார். அவரிடமே போனேன்.

பேரச்சத்தில் உடம்பு தானாக விறைத்துப்போகும், குரல் எழும்பாது, அது சம்மதம் ஆகாது என்று அவர் விளக்கியபோது வெகுநேரம் அழுதேன். நினைவு துண்டு துண்டாக இருப்பதும் இப்படி நடந்தவர்களுக்கு வழக்கம்தானாம். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. பதற்றம் ஏறும்போது காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணப் பழக்கினார். கூட்ட நெரிசலில் இப்போதும் செய்கிறேன்.

புகார் விஷயத்தில் யாரும் நெருக்கவில்லை. சட்டமும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்: யார் விசாரிப்பார்கள், அக்கா பக்கத்தில் இருக்கலாமா, என் பெயர் வெளியே வருமா? தெளிவான பிறகு நானே போய்ப் புகார் கொடுத்தேன். வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும் சிகிச்சையும் கவுன்சலிங்கும் நின்றிருக்காது.

வழக்கு நடக்கிறது. கவுன்சலிங் மாதம் ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது. சாட்சி சொல்லும் நாள் நெருங்கும்போது அடிக்கடி வரலாம் என்று கவுன்சலர் சொல்லியிருக்கிறார்.