டிஸ்னியில் மாமனாரின் சைட் இன்ஸ்பெக்‌ஷன்

என் மாமனார் பொதுப்பணித் துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அடுத்து, கூரை மூலையில் ஈரம் கோத்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். சாமி, சாப்பாடு, கல்யாண மாப்பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஃப்ளோரிடாவில், டாம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே வரவேற்பறைச் சுவரைத் தட்டி, "என்ன மாப்ள, அட்டையில கட்டியிருக்கான்?" என்றார். ஜிப்சம் போர்டு பற்றி நான் எவ்வளவோ விளக்கிவிட்டேன். இன்றுவரை அவர் பார்வையில் நான் முப்பது வருடக் கடனுக்கு ஒரு அட்டைப்பெட்டி வாங்கியிருக்கிறேன்.

அவரை ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றது என் மனைவி. எனக்கும் உள்ளூர ஒரு ஆசை. டிஸ்னி ஹோட்டல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். தங்குவதற்கு இல்லை, அந்த வாடகைக்கு ஊரில் அரைக் காணி நிலம் பார்க்கலாம். வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும். பாலினேஷியன் ஹோட்டலை ஒட்டி 2024 டிசம்பரில் 'ஐலண்ட் டவர்' என்று ஒன்றைத் திறந்தார்கள். 2022ல் அதன் மாதிரிப் படம் வெளிவந்த நாளிலேயே டிஸ்னி ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் அடித்துக்கொண்டேன். "நாம தங்கவா போறோம்? உங்களுக்கு ஏன் இந்த வயித்தெரிச்சல்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் கட்டடம் தெரிந்த ஒருவர் வாயால் "இதெல்லாம் ஒரு டிசைனா?" என்று கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது.

போகிற வழியிலேயே நல்ல சகுனம். டிஸ்னியின் எப்காட் பார்க் பக்கம் திரும்பியதும் மரங்களுக்கு மேலே டால்பின் ஹோட்டல் தெரிந்தது. கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1990ல் திறந்தது. உச்சியில் 56 அடி உயரமுள்ள இரண்டு மீன்கள், வாலைத் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எதிரே ஸ்வான் ஹோட்டல், அதன் தலையில் 47 அடி அன்னங்கள்.

"டால்பின்னு பேரு வெச்சிட்டு மேல கெண்டை மீனை உக்கார வெச்சிருக்கான்?" என்றார் அத்தை.

பழைய ஐரோப்பியச் சிற்பங்களில் டால்பினை இப்படித்தான் செதுக்குவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா, "அந்த மீனோட லோடை எங்க இறக்கியிருக்கான்?" என்று ஆரம்பித்துவிட்டார். மேஜிக் கிங்டம் பார்க்கின் வாகன நிறுத்தம் வரும்வரை காரில் இதே பேச்சு. அந்த மீன்கள் அழகு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு கார் முழுக்கக் கால் மணி நேரம் சண்டை போட வைத்தன.

பார்க்குக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில். வரிசை. மறுபடியும் வரிசை. மூன்று மணிக்கு ஃப்ளோரிடா வானம் வழக்கப்படி கறுத்து இடி இடித்தது. மாமாவின் முழங்கால் ஒத்துழையாமை இயக்கம் ஆரம்பித்தது. மனைவியும் பையனும் ஏதோ ஒரு வரிசையில் பாதி தூரம் போய்விட்டதால் திரும்பி வர மறுத்தார்கள். "வாங்க மாமா, ஏசி ரயில்ல ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று அவரையும் அத்தையையும் மகளையும் மோனோரயிலில் ஏற்றினேன். ஹோட்டல்களைச் சுற்றி வரும் அந்த ரயிலுக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் கிடையாது என்றதும் அத்தை முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வெளிச்சம்.

முதல் நிறுத்தம் கன்டெம்பரரி ஹோட்டல். ரயில் ஹோட்டலுக்குப் பக்கத்தில் நிற்காது, உள்ளேயே போய் நிற்கும். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, பார்க் திறந்த அன்றே திறந்த கட்டடம் அது. கட்டடக் கலைஞர் வெல்டன் பெக்கெட் வரைந்தது. ஆங்கில 'ஏ' எழுத்தைப் போல இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் 14 மாடி. நடுவயிறு வெறும் கூடம், அந்தக் கூடத்தைத் துளைத்துக்கொண்டு ரயில்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாய் திறக்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அவர் ஒரு கட்டடத்தைப் பார்த்து வாயடைத்ததை நான் பார்த்ததில்லை.

விட்டால் பிடிக்க முடியாது என்று நான் மளமளவென்று எடுத்துவிட்டேன். இரும்புச் சட்டத்தை முதலில் நிறுத்தினார்கள் மாமா. அறைகளைத் தனியாகத் தரையிலேயே செய்தார்கள், குளியலறைக் குழாய் வரைக்கும் மாட்டி. அப்புறம் கிரேனில் தூக்கி ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். யு.எஸ். ஸ்டீல் கம்பெனி வேலை.

"71லயா?" என்றார். "71ல நான் எஸ்.எஸ்.எல்.சி."

கூடத்தின் நடுவே 90 அடி உயரத்துக்கு டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் வரைந்த பீங்கான் ஓட்டுச் சித்திரம். அதில் குழந்தைகள், பறவைகள், ஆடுகள். ரயிலைப் பார்த்தபடி ஒரு ஆடு நிற்கும், அதற்கு ஐந்து கால். மகள் ஏற்கெனவே என்னால் பயிற்றுவிக்கப்பட்டவள் என்பதால் கையை நீட்டிக் காட்டினாள். அத்தை எண்ணிப் பார்த்து, "ஆமாங்க, அஞ்சு!" என்றார். மாமா மறுபடியும் எண்ணினார்.

"நம்ம டிபார்ட்மென்ட்டா இருந்தா பில் பாஸ் ஆகியிருக்காது. ஒரு கால் எக்ஸ்ட்ரா ஐட்டம்."

1973 நவம்பரில் வாட்டர்கேட் ஊழல் சூட்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் "நான் திருடன் இல்லை" என்று பத்திரிகை ஆசிரியர்களிடம் சொன்னதும் இந்த ஹோட்டலில்தான் என்றேன். "அதைச் சொல்றதுக்கு டிஸ்னிக்கா வந்தான்?" என்று மாமா சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது.

அடுத்து பாலினேஷியன். இதுவும் 1971தான். தாழ்வான நீள வீடுகள், சரிந்த கூரை, தென்னை, பாறை. பசிபிக் தீவுகளில் யாரும் இப்படி வசித்திருக்க மாட்டார்கள். அமெரிக்கக்காரன் கனவில் மட்டும் வசித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கனவைக் கடைசி ஆணி வரை கண்டிருக்கிறார்கள். இறங்கினோம். மகளுக்கு அன்னாசிப் பழ ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மழை சற்று விட்ட நேரத்தில் ஏரிக்கரையோரமாக நடந்தோம். தண்ணீருக்கு மேலே காலூன்றி நிற்கும் இருபது தனி வீடுகளைக் காட்டினேன். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் என்றதும் அத்தை, "தண்ணி மேல வீடு கட்டினா ஆக்கிரமிப்புன்னு இடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். மாமா மட்டும் கவலையோடு தூண்களின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முனையில் திரும்பியதும் என் எதிரி நின்றது. ஐலண்ட் டவர்.

முன்பு அந்த இடத்தில் இரவு விருந்தோடு ஹவாய் நடனம் நடக்கும் திறந்த அரங்கு இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் இது. ஓங்கி நிற்கிறது. வெள்ளையும் பழுப்பும், வரிசை வரிசையாகப் பால்கனி, நேர்கோடு. அழுக்கில்லை, விரிசலில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. மியாமி கடற்கரையில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம், எங்கள் டாம்பா விமான நிலையத்துக்கு எதிரே இருக்கலாம். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் என் புகார்.

"எப்படி மாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அருகே போனார். சுவரைத் தட்டினார். பால்கனி அடியில் மழைத்தண்ணீர் எப்படி வடிகிறது என்று பார்த்தார். "நல்ல வேலை மாப்ள. ஃபினிஷிங் பிரமாதம். லைன் லெவல் எல்லாம் தச்சு வெச்ச மாதிரி இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. "டிசைன் மாமா? கற்பனையே இல்லையே! அங்க ரயில் வீட்டுக்குள்ள போகுது. இங்க எலிவேட்டர் மட்டும்தான் போகுது."

"அது சரிதான்" என்று சாவகாசமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "இது டைப் டிசைன். நாங்க தாலுகா ஆபீஸ் எல்லாம் அப்படித்தான் கட்டுவோம். கலெக்டர் குறை சொல்லக் கூடாது, ஆடிட் குறை சொல்லக் கூடாது, அடுத்த எம்.எல்.ஏ.வும் குறை சொல்லக் கூடாது. எவனுக்கும் பிடிக்காமப் போயிடக் கூடாதுன்னு கட்டினா இப்படித்தான் வரும். அந்த மீன் வெச்சவன் ஆடிட்டைப் பத்திக் கவலைப்படல."

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் மூன்று வருடமாக மனைவியிடம் புலம்பியதை இதைவிட நறுக்கென்று யாரும் சொன்னதில்லை.

மகளுக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. ஐஸ்கிரீம் முடிந்ததும் பையிலிருந்து நோட்டையும் கிரேயானையும் எடுத்து, அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் வரைந்துகொண்டிருந்தாள். முக்கோணம், அதன் நடுவே ஒரு கோடு. அது கன்டெம்பரரி. தலையில் மீன் இருந்தால் டால்பின். குடிசைக் கூரை என்றால் பாலினேஷியன். அடுத்த பக்கத்தில் ஒரு செவ்வகம், அதற்குள் நிறைய சதுரம்.

"ஐலண்ட் டவரா கண்ணு?"

"இல்லப்பா, இது என் ஸ்கூல். டவர் இன்னும் வரையல." கொஞ்சம் யோசித்துவிட்டு, அதே படத்தின் பக்கத்தில் ஒரு தென்னை மரத்தைப் போட்டாள். "இப்ப டவர்."

டவருக்குள் நுழைந்து வரவேற்புக் கூடத்தைப் பார்த்தோம். குளுகுளுவென்று, வாசனையாக, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே எல்லாரும் கண்ணாடிக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் சிண்ட்ரெல்லா கோட்டை, ராத்திரியானால் வாணவேடிக்கை. இந்தக் கட்டடம் நாம் பார்ப்பதற்காகக் கட்டியதில்லை, இதற்குள்ளிருந்து மற்றதைப் பார்ப்பதற்காகக் கட்டியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் கோபம் குறையவில்லை. ஏரிக்கு எதிர்க்கரையில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்?

இதற்குள் மாமா காணாமல் போயிருந்தார். தேடினால், டிஸ்னி வெக்கேஷன் கிளப் மேசையில், புன்னகை மாறாத ஒரு இளைஞர் எதிரே சட்டமாக உட்கார்ந்திருக்கிறார். அறைகளை நாள் வாடகைக்கு விடுவதோடு, வருடா வருடம் வந்து தங்கும் உரிமையாகவும் விற்கும் திட்டம் அது, 1991ல் ஆரம்பித்தது. பாயின்ட் கணக்கில் வாங்க வேண்டும், வருடப் பராமரிப்புக் கட்டணம் தனி. ஐலண்ட் டவரும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். முகம் தெரியாத ஆயிரம் குடும்பங்களுக்குப் பல வருட உரிமையை விற்கும்போது கட்டடத்தின் தலையில் மீனை வைக்க எந்த விற்பனை மேலாளர் துணிவார்?

"மாப்ள, நல்ல நேரத்துல வந்தீங்க. கேளுங்க, யூடிஎஸ் எவ்வளவு வரும்?"

பிரிக்கப்படாத நிலப் பங்கை ஆங்கிலத்தில் விளக்கினேன். இளைஞருக்கு உற்சாகம். பத்திரம் உண்டு, பதிவு உண்டு என்று ஆரம்பித்தார். மாமா முகம் மலர்ந்தது. ஆனால் உரிமை 2066 ஜனவரி 31 வரைக்கும்தான், அதன் பிறகு டிஸ்னிக்கே திரும்பிவிடும் என்றார். முகம் கூம்பியது.

"பட்டா கிடையாது, பத்திரம் மட்டும் இருக்கு. குத்தகை இடம்" என்று அத்தையிடம் தமிழில் அறிக்கை சமர்ப்பித்தார். "வில்லங்கம் போட்டுப் பாக்கணும்."

"2066ல உங்களுக்கு நூத்திப் பத்து வயசுங்க" என்றார் அத்தை.

"பேத்திக்குச் சொல்றேன்."

இளைஞர் நம்பிக்கை இழக்காமல் பெரிய வில்லா ஒன்றின் படத்தைத் திருப்பிக் காட்டினார். முழுச் சமையலறை, அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் உண்டு. அதுவரை இந்தக் கட்டடத்தில் எதையும் பொருட்படுத்தாத அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் டாம்பா வீட்டில் அவர் வைத்த ஒவ்வொரு ரசத்துக்கும் புகை அலாரம் கூவியிருக்கிறது.

"கடுகு தாளிச்சா அலாரம் அடிக்குமான்னு கேளுங்க மாப்ள."

கேட்டேன். அத்தனை கேள்விக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டியவர் முதல் முறையாகப் புத்தகத்தை மூடி வைத்தார். அது எப்படிச் செய்வது என்று கேட்டார். எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட வேண்டும், கடைசியில்தான் பெருங்காயம் என்று அத்தை சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். மிளகாய் எத்தனை என்று கேட்டார்.

"இவங்களுக்கு ரெண்டு போதும்" என்றார் அத்தை.