ஒரு தளம் தூங்கட்டும்

மூன்று இணையதளங்களில் இருந்து வரும் வருமானத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. ஒன்று கோலம். இன்னொன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கானது. மூன்றாவது எக்செல் சூத்திரங்களை விளக்கும் ஆங்கிலத் தளம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள், அலுத்துப்போகாதா என்று கேட்பார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் நான் நடத்துவதில்லை என்பதுதான் பதில்.

கோலத் தளத்துக்கு மார்கழிதான் ஆண்டு. டிசம்பர் நடுவில் கூட்டம் வரத் தொடங்கி, பொங்கல் அன்று உச்சிக்குப் போய், தை பிறந்த சில நாளிலேயே அடங்கிவிடும். குரூப் 4 தளம் தேர்வாணையத்தின் தேதிகளைப் பார்த்துத்தான் மூச்சு விடும். 2024இல் ஜனவரி 30 அன்று அறிவிக்கை, ஜூன் 9 அன்று தேர்வு. 2025இல் ஏப்ரல் 25 அறிவிக்கை, ஜூலை 12 தேர்வு. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருப்பதுதான் அதன் அறுவடைக் காலம். எக்செல் தளத்துக்கு அலுவலக நாட்களில் ஆள் வரும். சனி, ஞாயிறு காற்று வாங்கும். டிசம்பர் கடைசி வாரம் மேற்கு நாடுகளில் எல்லோரும் விடுமுறையில் போய்விட, அது படுத்தேவிடும். சரியாக அதே வாரத்தில்தான் கோலத் தளம் பரபரவென்று ஓடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஒரு தளம் விழித்திருக்கும்போது மற்ற இரண்டையும் நிம்மதியாகத் தூங்க விடுகிறேன். புதுக் கட்டுரை போடவில்லையே என்று மனம் உறுத்துவதில்லை.

பணக் கணக்கு தனி. தளங்களில் விளம்பரம் போட்டு நமக்குப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். ஒரே கணக்கில் பல தளங்களைச் சேர்க்கலாம். எல்லாம் சேர்ந்து 100 டாலரைத் தாண்டினால் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் பணம் அனுப்பிவிடுவார்கள். தாண்டாவிட்டால் தொகை அப்படியே அடுத்த மாதத்தோடு சேரும். தனியாக நின்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய சின்னத் தளமும் மற்றவற்றோடு சேர்ந்து கரையேறிவிடும். பல தளம் வைத்திருப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான்.

ஆனால் வருமான வரைபடத்தைத் தினமும் பார்ப்பவர்களுக்கு மனம் சோர்ந்துவிடும். ஆண்டுக் கடைசியில் பண்டிகை விற்பனைக்காக விளம்பரதாரர்கள் அள்ளிக் கொட்டுவார்கள்; ஜனவரி பிறந்ததும் கையை இறுக்கிக்கொள்வார்கள். பொங்கல் வாரத்தில் என் கோலப் பக்கங்களைத் தேடி வருகிறவர்கள்தான் ஆண்டிலேயே அதிகம். அதே வாரத்தில் ஒவ்வொரு பார்வைக்கும் கிடைக்கும் காசோ இறங்கியிருக்கும். காசை மட்டும் பார்த்தால், நம் வேலை மிக அதிகம் பேருக்குப் பயன்படும் நாளில் நமக்குக் கை ஓயும். அதனால் வருமானப் பக்கத்தை மாதத் தொடக்கத்தில், போன மாதக் கணக்கு முடிந்த பிறகு ஒரு தரம் பார்ப்பதோடு சரி.

தினமும் பார்ப்பது வாசகர்களின் மின்னஞ்சலை. குரூப் 4 தேர்வில் தமிழுக்கு 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு பெண் எழுதியிருந்தார்: "சார், 40 சதவீதம்னா 40 கேள்வியா, 40 மார்க்கா?" 60 மதிப்பெண், அதாவது சரியான விடை 40 வேண்டும் என்று பதில் போட்டேன். தையல் வேலைக்கு நடுவே படிப்பதாகச் சொன்னார். இந்த ஒரு சந்தேகம் தீராமல் எத்தனை பேர் பொது அறிவை மட்டும் உருப்போட்டுக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது. அன்றே அதற்கென்று ஒரு சின்னப் பக்கம் எழுதிப் போட்டேன். அந்தத் தளத்தில் அதிகம் படிக்கப்படும் பக்கம் இன்றைக்கும் அதுதான்.

கோலங்களை அக்கா வரைந்து தருகிறார். தலைப்பில் "15 புள்ளி" என்று மட்டும் நான் எழுதியதைப் பார்த்து, "ஊடுபுள்ளியா நேர்ப்புள்ளியான்னு போடாம விட்டா யாருக்குடா புரியும்? எட்டுல முடியும்னு எழுது" என்றார். விடியற்காலை வாசலில் ஒரு கையில் கோலப்பொடியும் இன்னொரு கையில் போனுமாக நிற்பவருக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். புள்ளி வைக்கும் படத்துக்கும் இழை போடும் படத்துக்கும் நடுவே விளம்பரம் வரக்கூடாது என்பதும் அக்கா வைத்த சட்டம். அந்த இடம் நல்ல காசு தரும் இடம். இருந்தாலும் அவர் சொல்வதே நியாயம். மாவுக் கையோடு விளம்பரத்தை எப்படித் தள்ளுவது?

கோலத் தளத்தை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்டார். இத்தொழிலில் சராசரி மாத வருமானத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் விலை பேசுவார்கள். ஆண்டில் பத்து மாதம் தூங்கும் தளத்துக்குச் சராசரி எடுத்தால் தொகை சின்னதாகத்தான் வரும். கொடுக்க மனமில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது குரூப் 4 பக்கம் கூட்டம் ஓய்ந்திருக்கிறது. மார்கழிக்குள் பழைய கோலங்களை எல்லாம் பெரிய படமாக மறுபடி ஏற்ற வேண்டும். அக்கா இந்த வாரம் சிக்குக் கோலங்களில் இருந்து ஆரம்பித்திருக்கிறார்.